விண்ணப்பத்தில் என் கைபேசி எண்

"அத்தா நம்பர் என்னன்னு மொட்டையா கேட்டா எப்படி ஐயா? எந்த மாசத்து நம்பர்னு கேளுங்க" என்றாள் மெஹர்.

வகுப்பறை சிரித்தது. சிரிக்காதவன் நான் ஒருவன்தான். திரையில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. காலிக் கட்டங்களை என்னால் எப்போதும் பொறுத்துக்கொள்ள முடிந்ததில்லை.

ராஜபாளையத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. பிளஸ் டூ முடிவுகள் வெளிவந்து சில நாள்கள் ஆகியிருந்தன. விடுமுறையில் பூட்டிக் கிடந்த அந்த வகுப்பறையைச் சனிக்கிழமைகளில் மட்டும், கல்லூரி விண்ணப்பங்களை நிரப்பத் தலைமையாசிரியர் எங்களுக்காகத் திறந்துவிடுவார். மேசைமேல் என் மடிக்கணினி. எதிரே மெஹர். என் வலப்பக்கம் என் மனைவி கோமதி, மடியில் சான்றிதழ் உறைகளை அடுக்கி வைத்துக்கொண்டு. சன்னலுக்கு வெளியே வேப்பமர நிழலில் தாய்மார்கள் அமர்ந்திருந்தார்கள்.

மெஹரின் தந்தை பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடம் ஒன்றில் வேலை பார்த்தார். எந்தக் கைபேசி நிறுவனம் சலுகை அறிவிக்கிறதோ அதற்கு மாறிவிடுவார். கழித்துப் போட்ட சிம் அட்டைகள் வீட்டில் ஒரு பவுடர் டப்பாவில் கிடந்தனவாம். அந்த வீட்டின் ஒரே கைபேசியும் காலையில் அவருடன் தறிக்குப் போய்விடும்.

"தறிச் சத்தத்துல பெல் அடிச்சா கேக்காது ஐயா. உள்ளூர்ல யாராச்சும் மவுத்தானாக்கூட அத்தாவுக்குச் சாயங்காலம்தான் தெரியும்."

"அப்படியானால் என்னுடைய எண்ணைக் கொடுத்துவிடுவோம். இருபது ஆண்டுகளாக மாறாத எண்" என்றேன். அதில் எனக்குச் சற்றுப் பெருமை இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

கோமதி உறைகளிலிருந்து கண்ணை எடுத்தாள். "ஏங்க, பிள்ளைக்குன்னு ஒரு நம்பர் வேண்டாமா? பொறவு ஒவ்வொண்ணுக்கும் நம்மளத்தான தேடிட்டு வரணும்?"

"தேடி வரட்டுமே. நாம் எங்கே போய்விடப் போகிறோம்?"

பத்து இலக்கங்களையும் நானே தட்டினேன். அந்த ஆண்டு என் எண்ணில் பதிவான விண்ணப்பம் அது ஒன்றுதான். மற்றப் பிள்ளைகளுக்கு அண்ணனோ சித்தப்பாவோ இருந்தார்கள்.

இத்தொடரில் இதுவரை என் ஆசிரியர்களைப் பற்றியும் சக பேராசிரியர்களைப் பற்றியும் எழுதி வந்தேன். இந்தப் பகுதியைப் பல வாரங்களாகத் தள்ளிப்போட்டேன். ஒன்றை மட்டும் முன்பே சொல்லிவிடுகிறேன்: மெஹர் என்பது அவளுடைய பெயரன்று. அந்தப் பெயரை அவளே தேர்ந்துகொண்டாள். எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

தாழ்ப்பாள்

நான் புள்ளியியல் பேராசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். கோமதி அரசுப் பள்ளியில் உயிரியல் கற்பித்தவள். ஓய்வுக்குப் பின் ராஜபாளையத்துக்குத் திரும்பியபோது, இந்தச் சனிக்கிழமை வேலையைத் தொடங்கியது அவள்தான். என்னைச் சேர்த்துக்கொண்டது வலைத்தளப் படிவங்களை நிரப்புவதற்காக. பேச்சு முழுவதும் அவளுடையது. "உங்க தமிழைக் கேட்டா பிள்ளைக எந்திரிச்சு நின்னு கும்பிடுதுக. நீங்க தட்டுங்க, நான் பேசுதேன்" என்பாள்.

பார்க்காத இடத்துக்கு எப்படி விண்ணப்பம் போடுவது என்பது அவளுடைய கேள்வி. அதனால் அரையாண்டு விடுமுறையில் பத்துப் பன்னிரண்டு மாணவர்களையும் அவர்களுடைய தாய்மார்களையும் பேருந்தில் ஏற்றி, ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு வருவோம். ஒரு நாள் முழுவதும் ஆகும். தாய்மார்களைக் கட்டாயம் அழைத்துவர வேண்டும் என்பது அவள் வகுத்த விதி. தந்தைமார்களை அவள் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. "அவிய 'சரி'ன்னு சொல்லிருவாவ. ராத்திரி வீட்டுல அம்மாக்காரி என்ன சொல்லுதான்னுதான் பிள்ளை போறதும் போகாததும்."

துறைக் கட்டடங்களையும் நூலகத்தையும் நான் காட்டுவேன். அவள் தாய்மார்களை அழைத்துக்கொண்டு நேராகப் பெண்கள் விடுதிக்குப் போவாள். குளியலறைக் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தித் தாழ்ப்பாளை இழுத்துப் பார்ப்பார்கள். குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பார்கள். சமையலறையில் சாம்பார் அண்டாவின் மூடியைத் தூக்கி முகர்வார்கள். மெஹரின் தாய் ஓர் அறையின் கதவை மூன்று முறை ஆட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இந்தத் தாழ்ப்பா லூசா இருக்கு. என் பிள்ளை அசந்து தூங்குனா இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டா" என்றாராம். கோமதி அதைத் தன் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டாள். வீட்டில் அதைப் படித்துவிட்டு நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மெஹர் அன்று நுண்ணுயிரியல் துறையில் ஒரு பேராசிரியையிடம் கேட்ட கேள்வி எனக்கு நினைவிருக்கிறது. "மேடம், எங்க ஊர்ல பேண்டேஜ் துணியை ஆவியில வைக்கிறாங்க. கிருமி சாகத்தான்னு அத்தா சொல்லும். செத்துருச்சுன்னு யார் பார்த்தா?"

பேராசிரியை ஒரு நுண்ணோக்கியின் முன் அவளை உட்காரவைத்தார். மற்றவர்கள் சாப்பிடப் போன பின்பும் அவள் எழுந்திருக்கவில்லை. திரும்பி வரும் பேருந்தில், "ஐயா, அஞ்சு வருசப் படிப்பாமே, அதுல சேரணும்னா எம்புட்டு மார்க் வேணும்?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். அந்த மதிப்பெண்ணைவிட ஒன்பது கூடுதலாக வாங்கிக்கொண்டு வந்து அந்தச் சனிக்கிழமை என் எதிரே அமர்ந்திருந்தாள்.

ஒரு நாள் தாமதம்

இங்கே சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது.

பணியில் இருந்த காலத்தில் சில ஆண்டுகள் எங்கள் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் குழுவில் இருந்தேன். ஒரு முறை ராஜபாளையத்தை அடுத்த தேவதானத்திலிருந்து ஒருவர் தம் மகனுடன் வந்தார். சாதிச் சான்றிதழ் கிடைக்கத் தாமதமாகி, இடத்தை உறுதி செய்ய வேண்டிய நாளுக்கு மறுநாள் வந்திருந்தார். நான் ராஜபாளையத்துக்காரன் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"நம்ம பக்கத்து ஆளு நீங்க. ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்றார்.

காலக்கெடு எல்லோருக்கும் ஒன்றுதான் என்றேன். அன்று நான் கடுமையாக நடந்துகொள்வதாக நினைக்கவில்லை. செல்வாக்கு உள்ளவனுக்குக் கெடுவை நீட்டத் தெரியும். கெடு நீளாமல் இருப்பதுதான் இல்லாதவனுக்குப் பாதுகாப்பு என்று நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். நம்பிக்கை தவறாக இருந்திருந்தால் என் நிலைமை எளிதாக இருந்திருக்கும்.

அவர் தாள்களை மடித்து மஞ்சள் பைக்குள் வைத்தார். "சரிங்க. உங்களுக்குச் சாப்பாட்டு நேரமாச்சு போல" என்று எழுந்தார்.

அன்று மாலை கோமதியிடம் இதைச் சொன்னேன். அவள் விதியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "அவிய சாப்பிட்டாவளா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

பத்து நிமிடம்

ஆடி பிறந்திருந்தது. மலையிலிருந்து இறங்கும் காற்றில் வீட்டின் சன்னல்கள் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்த வாரம். கோமதிக்கு நெஞ்சு வலி வந்தது. மதுரையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் பார்க்கலாம், அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் காலை அவள் நன்றாகவே பேசினாள். உதடு வறண்டிருந்தது. பஞ்சை நனைத்துத் துடைத்துவிட்டேன்.

"இந்த வாரம்தான அலாட்மென்ட்? மெஹருக்கு வந்துருச்சா?"

என் சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். முதலில் ஒரு குறுஞ்செய்தி: மெஹரின் பெயர், நுண்ணுயிரியல், இடம் ஒதுக்கப்பட்டுள்ளது, மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் உறுதி செய்க. அதன் கீழே இன்னொன்று: ஆறு இலக்க எண். அவள் எங்கோ ஒரு கணினி மையத்தில் அமர்ந்து, 'உறுதி செய்' என்ற பொத்தானை அழுத்திவிட்டு, என்னிடம் வந்து சேர்ந்த அந்த எண்ணுக்காகக் காத்திருக்கிறாள் என்பது எனக்கு உடனே விளங்கிவிட்டது. அடுத்த நொடி நான் அறியாத ஓர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது; அந்த மையத்திலிருந்து அவள்தான்.

ஆறு இலக்கங்களை வாசிக்க எவ்வளவு நேரமாகும்? பிற்பாடு கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாசித்துப் பார்த்திருக்கிறேன். நான்கு நொடி.

அழைப்பைத் துண்டித்தேன்.

"யாருங்க?"

"ஏதோ விளம்பரம்" என்றேன்.

"மெஹருக்கு?"

"வந்துவிட்டது. உறுதியும் செய்தாயிற்று. நீ பேசாமல் இரு."

அவள் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். "அப்படின்னா ஒரு நல்ல பூட்டா வாங்கிக் கொடுத்து விடுங்க. அந்தத் தாழ்ப்பா லூசு. ரெண்டு சாவி இருக்கும்லா, ஒண்ணை அவ அம்மாகிட்ட கொடுக்கச் சொல்லுங்க. கையில சாவி இருந்தாத்தான் அவிய நிம்மதியா இருப்பாவ."

செவிலியர் வந்து நேரமாகிவிட்டது என்றார்.

ஏன் துண்டித்தேன் என்பதை எழுதத்தான் இத்தனை வாரங்கள் தயங்கினேன். பதற்றத்தில் துண்டித்தேன் என்று எழுதினால் வாசகர்கள் மன்னித்துவிடுவார்கள். அது உண்மையன்று. எனக்குப் பொறாமையாக இருந்தது. அவளிடம் எனக்குக் கிடைத்தது பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தையும் அவள் வேறொருவர் வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தொரு ஆண்டுகள் உடன் வாழ்ந்த நான் பஞ்சுடன் நின்றுகொண்டிருந்தேன்.

வெளியே வந்த பின் திருப்பி அழைத்திருக்கலாம். மாலை வரை நடைக்கூடத்தில் சும்மாதான் அமர்ந்திருந்தேன். ஏழெட்டு முறை அழைப்பு வந்தது. ஒவ்வொரு முறையும் எண்ணைப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் துண்டித்தேன். நாளை பார்த்துக்கொள்ளலாம், நாளை மாலை வரை நேரமிருக்கிறது என்று நினைத்தேன். காலக்கெடுவைப் பற்றி ஊருக்குச் சொன்னவன் அப்படி நினைத்தேன்.

மறுநாள் விடிந்தபோது கைபேசி உயிரிழந்திருந்தது. நான் அதை மின்னேற்றவில்லை. நண்பகலில் கோமதி போய்விட்டாள்.

ஊர்தியில் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஸ்ரீவில்லிபுத்தூரைக் கடக்கும்போது கோபுரத்தின் மேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் யாரிடமோ, "அஞ்சு மணி ஆச்சுண்ணே, வந்துட்டு இருக்கோம்" என்றார். அந்த ஐந்து மணி எனக்கு எதையும் நினைவூட்டவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள்

பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பே மெஹர் தன் தாயுடன் வந்தாள். இடம் கைவிட்டுப் போனது எனக்கு அதற்குள் நினைவுக்கு வந்திருந்தது. பல்கலைக்கழகத்துக்கு மூன்று கடிதங்கள் எழுதியிருந்தேன். மூன்றாவதுடன் இறப்புச் சான்றிதழையும் இணைத்திருந்தேன். மரியாதையான ஒரு பதில் வந்தது: இடம் தரவரிசையில் அடுத்த மாணவருக்கு வழங்கப்பட்டுவிட்டது; காலக்கெடு அனைவருக்கும் பொது. அந்தக் கடிதத்தில் மாற்ற வேண்டிய சொல் ஒன்றுகூட இல்லை. அவர்களுடைய இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையே எழுதியிருப்பேன்.

மெஹரின் தாய் கோமதியின் படத்தின் முன் அமர்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மெஹர் அழவில்லை. என் எதிரே வந்து நின்றாள்.

"ஆஸ்பத்திரில இருக்கீங்கன்னு தெரியாம அத்தன வாட்டி கூப்பிட்டுட்டேன் ஐயா. உங்க வீட்டுக்கும் வந்து பார்த்தேன், பூட்டியிருந்துச்சு. தப்பா எடுத்துக்காதீங்க."

மன்னிப்புக் கேட்டது அவள்.

"கைபேசியில் மின்னேற்றம் இல்லை, அம்மா. அணைந்து போயிருந்தது" என்றேன்.

அவள் என்னைச் சில கணங்கள் பார்த்தாள். "சரிங்க ஐயா" என்றாள்.

அதன் பிறகு அவளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் கிடைத்தது. தினமும் பேருந்தில் போய் வருகிறாள். சனிக்கிழமை வகுப்பறையை நான் திரும்பத் திறக்கவில்லை. பூட்டு மட்டும் வாங்கினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் நீதிமன்றத்துக்கு எதிர்ச் சாரியில் ஓர் இரும்புக் கடையில், அந்த மாதமே. யாருக்காக என்று கடைக்காரர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

பேருந்து நிறுத்தத்தில்

இந்தப் பகுதியை எழுதி முடித்ததும் அச்சுக்கு அனுப்ப மனம் வரவில்லை. அவளைப் பற்றியது அவளுக்குத் தெரியாமல் ஊருக்குத் தெரியக் கூடாது. சென்ற வாரம் தாள்களை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். கல்லூரி விடும் நேரத்துக்குப் பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்தேன்.

மூன்றாம் ஆண்டு மாணவி. உயரமாகிவிட்டாள். தோழிகளிடம், "நீங்க போங்கட்டி, நான் அடுத்த பஸ்ல வாரேன்" என்றாள். நிறுத்தத்தின் சிமெண்டு இருக்கையில் அமர்ந்து படித்தாள். பக்கத்துக் கடையில் பால்கோவா கிண்டும் வாசம் வந்துகொண்டிருந்தது. இரண்டு பேருந்துகள் வந்து போயின.

முதல் தாளிலேயே நிறுத்தினாள். "நஸ்ரின்னு பேர் போட்டிருக்கீங்க."

"உண்மைப் பெயர் வேண்டாம் என்று…"

"அது சரி ஐயா. ஆனா நஸ்ரின்னு எங்க தெருவுலயே மூணு பேர் இருக்காளுவ. ஒருத்தியைக் கண்டா எனக்கு ஆகவே ஆகாது. மெஹர்னு போடுங்க."

பேனாவைக் கொடுத்தேன். அவளே ஒவ்வோர் இடத்திலும் அடித்துத் திருத்தினாள். பிறகு மருத்துவமனைப் பகுதிக்கு வந்தாள். பேனா நின்றது. நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாள்களை ஒழுங்காகத் தட்டி அடுக்கி என்னிடம் நீட்டினாள்.

"இது எனக்கு அன்னைக்கே தெரியும் ஐயா."

நான் திரும்பினேன்.

"ஆஃப் ஆயிருந்தா ரிங்கே போகாது. ரிங் போச்சு, பொறவு கட் ஆச்சு. எட்டு வாட்டியும். யாரோ கையில வச்சுக்கிட்டுத்தான் கட் பண்ணுதாங்கன்னு அந்த சென்டர்காரரே சொன்னாரு. மறுநாளுதான் ஆஃப்னு வந்துச்சு."

"தெரிந்துமா என்னிடம் மன்னிப்புக் கேட்டாய்?"

"அம்மா சொல்லிக் கொடுத்துக் கூட்டிட்டு வந்துச்சு." பேனாவை மூடி என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "ஒரு வருசம் உங்க தெரு வழியா நான் போகல ஐயா. சுத்தித்தான் போவேன். டீச்சர் இருந்தா இப்படி நடந்திருக்காதுன்னு நெனச்சுக்குவேன். டீச்சர் என்னைப் பத்திக் கேட்டாங்கன்னு இப்பத்தான் தெரியுது."

ராஜபாளையம் பேருந்து வளைவில் திரும்பி வந்துகொண்டிருந்தது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அந்தப் பூட்டு இருக்கா?"

"இருக்கிறது. உறைகூடப் பிரிக்கவில்லை."

"கொண்டாந்து எங்க அம்மாகிட்ட கொடுங்க. ரெண்டு சாவியையும். எம்.எஸ்ஸிக்கு அதே யுனிவர்சிட்டிலதான் சேரணும்னு இருக்கேன். அப்ளிகேசன் வந்துருச்சு."

நிரப்புவதற்கு உதவி வேண்டுமா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது என்று கேட்ட பின் தோன்றியது. அவள் படிக்கட்டில் ஒரு கால் வைத்துத் திரும்பினாள்.

"வேண்டாம் ஐயா. நேத்தே போட்டுட்டேன். எம் நம்பர்லதான்."

அதுதான் சரி என்றேன்.